எத்தனை பிளேடு இழுத்தாங்க?

ஏப்ரல் 21, 2024, ஞாயிறு
கன்னங்குறிச்சி, சேலம்

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்ட மை இன்னும் விரலில் இருக்கிறது. அந்த விரலால்தான் இன்று காலை தம்பி அனுப்பிய விமானப் படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். (தம்பி என்றால் என் மகன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.) அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஹார்வர்டு" என்றார். அதற்கு மேல் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

தம்பி இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் வேலை பார்க்கிறான். பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு என்று பழைய விமானப்படைத் தளம் ஒன்று, இப்போது அருங்காட்சியகம். 1938-ல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதன்முதலில் படைக்கு வந்து சேர்ந்தது அங்கேதானாம். பணம் கட்டினால் ஹார்வர்டு விமானத்தின் பின் சீட்டில் உட்காரவைத்து இருபது நிமிடம் சுற்றிக் காட்டுகிறார்கள். தாத்தாவுக்கென்று டிக்கெட் எடுத்துவிட்டான். 82 வயது, போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா சிரித்தார். "அதுல ஏறிப் போனவங்களை அனுப்பி வெச்சுத்தான் எனக்குப் பழக்கம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா விமானப்படையில் இருந்தபோது ஜோத்பூரில் விமானத்தில் பறந்தவர் என்பது எங்கள் வீட்டில் குலதெய்வம் பெயர் மாதிரி, யாரும் சந்தேகப்பட்டதில்லை. பாட்டி அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"நான் எங்க கண்ணு பறந்தேன்? இன்ஜின் ஃபிட்டர். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு, உள்ள உட்கார்ந்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்போம். 'இன்னைக்கு ப்ளேன் ஓட்டினேன்'னு லெட்டர் போட்டேன். உங்க பாட்டிக்கு யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. அவங்க மேல கிளப்பி விட்டுட்டாங்க."

அறுபது வருடம் அதைத் திருத்தாமலே இருந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை சோதனைப் பறப்பில் பின் சீட்டுக்கு அவர் பெயர் வந்ததாம். அன்றைக்குப் பார்த்துப் புழுதிப் புயல்.

ஏப்ரல் 24, புதன்

டாக்டர் எதிர்பார்த்தபடியே வேண்டாம் என்றார். சீட்டை வேறு ஆள் பெயருக்கு மாற்றலாமாம். ஜூனில் நான் எப்படியும் தம்பியைப் பார்க்கப் போவதாக இருந்தது. "நீயே போ" என்றார் அப்பா. இவர் (என் வீட்டுக்காரர்) பட்டறைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், "கொலுசு எடை போடுறவளுக்குப் போர் விமானமா?" என்றார். போர் விமானம் இல்லை, பயிற்சி விமானம் என்று அப்பா கூடத்திலிருந்து திருத்தினார். இந்தத் திருத்தம் மட்டும் அறுபது வருடம் காத்திருக்கவில்லை.

இரவு பாடம் தொடங்கியது. நோட்டில் எழுதிக்கொண்டேன், இல்லையென்றால் விடமாட்டார்.

இந்த வகை முதலில் பறந்தது 1935-ல், அதாவது அப்பாவைவிட மூப்பு. மொத்தம் 15,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் டெக்ஸன் என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் ஹார்வர்டு, நமக்கும் அதுவே. முன்னால் வட்டமாக ஒன்பது சிலிண்டர், 600 குதிரைசக்தி, பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் இன்ஜின். ஊரையே கூட்டும் அதன் அலறல் இன்ஜினுடையது அல்லவாம். நடுவில் கியர் எதுவும் இல்லாமல் இன்ஜின் சுற்றும் வேகத்திலேயே ப்ரொப்பெல்லரும் சுற்றுகிறது. ஒன்பது அடி விட்டம், கிளம்பும்போது நிமிடத்துக்கு 2,250 சுற்று. நுனி கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும், கத்துவது அந்த நுனிதான்.

பிறகுதான் அவருக்குப் பிடித்த இடம் வந்தது. வட்டமான இன்ஜின் என்பதால் கீழ்ப்பக்கத்து சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. நிறுத்தி வைத்தால் ராத்திரி முழுக்க எண்ணெய் கசிந்து அவற்றின் தலையில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்து போகும். அதனால் காலையில் முதல் வேலை, ஸ்விட்ச் ஆஃப் என்று உறுதி செய்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் ஒவ்வொரு பிளேடாக இழுத்துச் சுற்றுவது. எங்காவது இறுகினால் முரட்டுத்தனம் கூடாது. கீழ் சிலிண்டர் ப்ளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

"ஒன்பது சிலிண்டரும் ஒரு முறை வேலை செஞ்சு முடிக்க ரெண்டு சுத்து. ரெண்டு பிளேடு, அப்ப நாலு இழுப்பு. நாங்க எட்டு இழுப்போம். அங்க எத்தனை இழுக்குறாங்கன்னு மட்டும் பார்த்துட்டு வா."

ஏப்ரல் 28, ஞாயிறு

எனக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டும். பழகட்டும் என்று அப்பாவின் யோசனைப்படி ஏற்காடு பஸ்ஸில் கடைசி சீட். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. கையில் எலுமிச்சம்பழம். ஏழாவது வளைவு வரை கௌரவமாக இருந்தேன். பன்னிரண்டில் ஜன்னலோரத்துப் பெண்மணி தானாகவே எழுந்து இடம் கொடுத்தார். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலை முனையில் வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தேன். கீழே சேலம் புகையாகத் தெரிந்தது. இறங்கும்போது ஆறு வளைவோடு சரி, தூங்கிவிட்டேன். முன்னேற்றம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 12, புதன்

கிளம்பியாயிற்று. பெங்களூர் பஸ் ஏறும் வரை அப்பா சொன்னது மூன்றே விஷயம். பிளேடை எண்ணு. பையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, ஹார்வர்டுக்குத் தரையே கிடையாது. எண்ணெய் ஒழுகினால் பயப்படாதே, ஒழுகாவிட்டால்தான் பயப்படணும், டேங்க் காலி என்று அர்த்தம். இவர் சொன்னது ஒன்று, தட்டுவடை நொறுங்காமல் கொண்டுபோ என்று.

ஜூன் 15, சனி
கேம்பிரிட்ஜ்

மேகம் தாழ்ந்து கிடக்கிறது என்று ரத்து. அடுத்த சனிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னால், "அங்கயுமா?" என்று ஒரே சிரிப்பு.

ஜூன் 22, சனி

ஏறிவிட்டேன். கை இன்னும் லேசாக நடுங்குகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கையெழுத்து. இந்த விமானம் வழக்கமான பயணிகள் விமானத்துக்குரிய பாதுகாப்புத் தரத்தில் இல்லை என்று தெரிந்தே ஏறுகிறேன் என்பதற்கு. நம் ஊரில் பணம் இருந்தாலும் இதற்கு வழியில்லை. விமானப்படை பழைய விமானங்களைச் செப்பனிட்டு வைத்திருக்கிறது, 2012-ல் ஹிண்டனில் டைகர் மாத் பறந்ததை அப்பா டிவியில் நின்றுகொண்டே பார்த்தார். ஆனால் அதெல்லாம் விழாவுக்கு, டிக்கெட்டுக்கு இல்லை.

சுடிதாருக்கு மேலே முழுநீள உடை மாட்டிவிட்டார்கள். வளையல், ஹேர்பின், காதில் மாட்டல், எல்லாம் கழற்றித் தம்பி கையில். அப்பா சொன்னது சரி. சீட்டுக்குக் கீழே பாதம் வைக்க இரண்டு தகட்டுப் பள்ளம் மட்டும்தான், மற்றபடி வயிறு வரை வெறும் பொந்து, கன்ட்ரோல் கேபிள்கள் அங்கேதான் ஓடுகின்றன. ஒரு ஹேர்பின் விழுந்து சிக்கினாலும் வம்பு. முதுகில் பாராசூட். எப்படிக் குதிப்பது என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், நான் வேண்டிக்கொண்டிருந்ததில் பாதிதான் காதில் விழுந்தது.

இறக்கையில் ஏறும்போதுதான் உறைத்தது. யாரும் ப்ரொப்பெல்லரை இழுக்கவில்லை. ஓர் ஆள் துணியால் விமானத்தின் வயிற்றில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கேட்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் பெல்ட்டை இறுக்கிவிட்டார்கள். என்னிடம் சொல்லி அனுப்பிய ஒரே வேலை, கோட்டை விட்டாயிற்று.

ஸ்டார்ட்டர் முனகலாகத் தொடங்கி மெல்ல ஏறியது. ப்ரொப்பெல்லர் தயங்கி ஒரு சுற்று, ஓர் இருமல், வலப்பக்கம் குபுக்கென்று புகை, அப்புறம் மொத்த விமானமும் உதறத் தொடங்கியது. பெட்ரோலும் சூடான எண்ணெயும் பழைய ரெக்ஸினும் கலந்த வாசனை. தரையில் ஊர்ந்து போகும்போது பைலட் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினார். வழி தெரியவில்லையோ என்று நினைத்தேன். வால் தரையில் இருப்பதால் மூக்கு நிமிர்ந்து எதிரே ஒன்றும் தெரியாதாம், இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துத்தான் போகவேண்டும்.

ஓடுபாதையில் முதலில் வால் எழுந்தது. சட்டென்று முன்னால் உலகம் தெரிந்தது. அடுத்த நொடி ஓடுபாதைக் கோடிக்கு அப்பால் எம்11 சாலையும் அதில் லாரிகளும் எனக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. அந்த அலறல் உள்ளே அவ்வளவாக இல்லை. ஏமாற்றம்தான். அது கீழே நிற்பவர்களுக்கானது போலிருக்கிறது. அப்பா இத்தனை வருடம் கேட்டது அதைத்தான்.

மேலே போனால் எல்லாம் தட்டை. மலை என்று ஒரு மேடுகூட இல்லை, கோதுமை வயல்களும் வேலிக்கோடுகளும்தான். தூரத்தில் கிங்ஸ் காலேஜ் தேவாலயம் கவிழ்த்துப் போட்ட மேஜை மாதிரி நான்கு காலைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. பைலட் ஹெட்செட்டில், இப்போது உங்கள் கையில் என்றார். குச்சியைப் பிடித்தேன். கனமாக இருக்குமென்று நினைத்திருந்தேன். விரல் அசைத்தால் போதும், இறக்கை சாய்கிறது. இடப்பக்கம் ஒரு திருப்பம் நானே செய்தேன். மூக்கு கீழே போகிறது, கொஞ்சம் இழுங்கள் என்றார். இழுத்தேன். 600 குதிரைகள் என் பேச்சைக் கேட்டன. பட்டறையில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

குட்டிக்கரணம் வேண்டுமா என்றார். வேண்டாமென்றேன். ஒரே ஒரு செங்குத்துத் திருப்பம் மட்டும் செய்தார், கன்னம் இரண்டும் தாடைக்கு வழிந்தன. பன்னிரண்டாவது வளைவு ஞாபகம் வந்தது. ஆனால் குமட்டவில்லை. ஏற்காடு பஸ்ஸுக்கு நன்றி.

இறங்கியதும் எண்ணெய் துடைத்தவரைத் தேடினேன். சாப்பிடப் போய்விட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

அப்பாவுக்கு வீடியோ காலில் முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "எத்தனை பிளேடு?" என்றார். இழுக்கவே இல்லை என்றேன்.

"நீ எத்தனையாவது ஆள்?"

"மூணாவது."

"அப்ப இன்ஜின் சூடா இருந்திருக்கும். இழுக்கத் தேவையில்லை. காலையில இழுத்திருப்பாங்க." சரியென்று தலையாட்டிவிட்டு ஃபோனை இவரிடம் கொடுத்துவிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு
சேலம்

வந்து சேர்ந்தேன். எண்ணெய்க் கறை பட்ட துப்பட்டாவை அப்பாவுக்கென்று தனியாக வைத்திருந்தேன். தம்பி நல்ல பிள்ளையாக அதை வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறான். அப்பா முகர்ந்து பார்த்து, "சோப்பு" என்றார்.

எவ்வளவு உயரம் போனீங்க என்றார். 2,000 அடி இருக்கும் என்றேன். லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தாலே சேலம் அதைப்போல இரண்டு மடங்கு கீழே இருக்கிறது என்றார். உண்மைதான். பஸ் டிக்கெட் விலையையும் இவர் ஞாபகப்படுத்தினார்.

ஜூலை 14, ஞாயிறு

தம்பி நேற்றுக் காலை டக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருக்கிறான். கதவு திறந்ததும் உள்ளே போய் வேலியோரம் நின்றிருக்கிறான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, தாத்தாவும் பேரனும் தனியே பேசியிருக்கிறார்கள். ஒரு நிமிடம் பத்து நொடி வீடியோ. ஹார்வர்டு முழுதாகக்கூட இல்லை, மூக்கு மட்டும். அதே துணிக்காரர் வந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார், ஏதோ சொல்கிறார், பிறகு பிளேடில் உள்ளங்கை வைத்து இழுக்கிறார்.

நான் பறந்த வீடியோவை அப்பா ஒரு தடவை பார்த்தார். இதை மதியத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுகிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் வலது தோள் கொஞ்சம் முன்னால் போய் வருகிறது. பத்து. இவர்கள் பத்து இழுக்கிறார்கள்.

"ஏழாவதுல பாரு கண்ணு" என்று என்னைக் கூப்பிட்டார். "கை தயங்குது. எண்ணெய் கொஞ்சம் இருந்திருக்கு. ஆனா முரட்டுத்தனம் பண்ணலை பாரு."

ஃபோனில் சார்ஜ் தீரப் போகிறது. வயரைத் திண்ணைக்கு இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.