தூசி என்று எழுதச் சொன்னவர்

"ஹார்ட்னு போட்டுட முடியாதா, டாக்டர்?"

இறப்புச் சான்றிதழில் காரணத்தைப் பற்றி அந்த அம்மா அதை ஒரு தடவைதான் கேட்டார். அடுத்த அறையில் அவர் கணவரின் உடல் கிடந்தது. "சட்டம் இடம் கொடுக்காதும்மா. வேலையால வந்த நோயா இருக்கலாம்னு தோணினாலே கரோனருக்குச் சொல்லியாகணும்" என்றேன். கரோனர் என்பவர் இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மரணங்களை விசாரிக்கும் அதிகாரி, தேவைப்பட்டால் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்வார். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாகியும் உறுத்துவது அதுதான்.

அந்தக் கணவர் வடகிழக்கு இங்கிலாந்தின் ஈசிங்டன் காலியரி என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் 27 வருடம் கீழே இறங்கியவர், 1993இல் சுரங்கத்தை மூடும் வரை. வட கடலுக்கு அடியில் நீண்டு போகும் நிலக்கரிப் படுகைகளில் வேலை. சாவதற்கு நாலு மாதம் முன்பு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, மூச்சை இரண்டு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "1951ல வெடிச்சுச் செத்த 83 பேருக்கும் கல்லறைத் தோட்டத்துல நினைவிடம் இருக்கு. இருமிச் செத்தவனுக்கு சர்டிபிகேட் மட்டும்தான். அதுல தூசின்னு எழுதுங்க. நெஞ்சுச் சளின்னு எழுதிடாதீங்க." பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "அவகிட்ட சொல்லவேண்டாம், பயந்துடுவா" என்றார். தலையாட்டினேன். அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றும் குழப்பம்தான்.

அவருக்கு ஏன் அது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தூசியால் வந்த நுரையீரல் நோய்களுக்கு சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான பிரிட்டிஷ் கோலின் அலட்சியமே பொறுப்பு என்று 1998இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பின் வந்த நஷ்டஈட்டில், சிகரெட் பிடித்தவர்களுக்கு அதற்கென்று ஒரு பங்கைக் கழித்தார்கள். இவர் பதினைந்து வயதிலிருந்து பிடித்தவர். "என் நுரையீரலையே பங்கு போட்டுட்டாங்க" என்பார். எக்ஸ்ரேயில் தூசியின் புள்ளிகள் இருந்தன. ஆனால் மூச்சை அடைத்ததில் தூசி எவ்வளவு, புகை எவ்வளவு? திறந்து பார்க்காமல் நான் எப்படிச் சொல்வேன்?

திறந்து பார்ப்பது. அந்த அம்மா பயந்தது அதற்குத்தான். "27 வருஷம் அந்தக் குழி அவரை எடுத்துக்கிச்சு. மிச்சத்தை நீங்க எடுக்கப் போறீங்களா?" என்றார். மதுரையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது மார்ச்சுவரி வாசலில் "அறுக்காம குடுத்திருங்கய்யா" என்று கையைப் பிடித்தவர்களிடம் நான் சொன்ன பதிலும் "சட்டம்" என்பதுதான். அங்கே அது முழு பதிலாக இருந்தது. இங்கே சட்டம் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் நான் கரோனருக்குப் போன் செய்திருப்பேன். அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து உடல் வீட்டுக்கு வந்தது. விசாரணையில் தொழில்நோய் என்று முடிவானது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. செய்தது சரி என்றுதான் சொல்வேன், யார் கேட்டாலும். ஆனால் அந்த ஒன்பது நாள் அவர் உடல் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்தது நானில்லை. "நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்குமோ? அல்லது தனக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசிவிட்டுப் போனாரே என்று கூடுதலாக வலித்திருக்குமோ? நோயாளி சொன்ன ரகசியம் அவர் செத்த பிறகும் ரகசியம்தான், அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இதற்குப் பிறகு இப்படிப்பட்ட வீடுகளில் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்து முன்பே பேசிவிடுகிறேன் என்று எழுத ஆசை. இரண்டு பேரிடம் செய்தேன். மூன்றாவது வீட்டில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது, பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அந்த அம்மா பிளட் பிரஷர் பார்க்க வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். எப்போதும் போல "குட் மார்னிங், டாக்டர்" என்றார். கையில் பட்டையைச் சுற்றும்போது அவர் முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"148க்கு 86" என்றேன். "கொஞ்சம் கூட இருக்கு."