நாத்தனாருக்கு 9, எனக்கு 0.6

ரிப்போர்ட் வாட்ஸப்ல பிடிஎஃபா வந்துச்சு. நான் பஸ்ல நின்னுட்டு இருந்தேன், மாட்டுத்தாவணி தாண்டியாச்சு, ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். ஏஎம்ஹெச், அதாவது முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கற ரத்த டெஸ்ட், 0.6, பக்கத்துல தடிச்ச எழுத்துல 'லோ'. எனக்கு 33 வயசு. 28 நாளைக்கு ஒரு தடவை டாண்ணு பீரியட்ஸ் வர்ற ஆளு நான், அதனால ரெண்டு வருஷமா கரு தங்கலன்னா குறை அவர்கிட்டதான் இருக்கும்னு மனசுக்குள்ள நினைச்சுட்டு இருந்தேன் (அவர் இதைப் படிச்சா படிக்கட்டும்).

பீரியட்ஸ் ஒழுங்கா வருதுங்கறத வச்சு முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியாதாம். ஒரு பொண்ணு பிறக்கும்போதே மொத்த முட்டையையும் உள்ள வச்சுட்டுத்தான் பிறக்குறா, பத்து இருபது லட்சம், வயசுக்கு வர்றப்ப மூணு நாலு லட்சம் ஆயிடும், அப்புறம் மாசாமாசம் ஒண்ணு வெளிய வருதுன்னா கூடக் கிளம்பின ஒரு கூட்டமே உள்ளயே கருகிப் போயிடுது. கருத்தடை மாத்திரை போட்டாலும் சரி, மாசமா இருந்தாலும் சரி, அது பாட்டுக்கு கரைஞ்சுட்டே இருக்கும். ஏஎம்ஹெச்ங்கறது அந்த முட்டை இருக்கற குட்டிக் குட்டி பைகள்ல இருந்து சுரக்கற ஹார்மோன், பை கம்மின்னா நம்பரும் கம்மி.

சரி எனக்கு ஏன் கம்மி? 27 வயசுல இடது பக்க சினைப்பையில சாக்லேட் சிஸ்ட்னு (பழைய ரத்தம் தேங்கின கட்டி) ஆபரேஷன் பண்ணினாங்க. சப்போட்டா தோலை உரிச்சா சதையும் ஒட்டிக்கிட்டே வரும்ல, அந்த மாதிரி சிஸ்ட் சுவரை உரிக்கறப்ப நல்ல திசுவும் அதுல இருக்கற முட்டைகளும் சேர்ந்து போக வாய்ப்பு இருக்கு. சிஸ்ட்டே கூட கொஞ்சம் கெடுத்திருக்கும். அந்த வலிக்கு ஆபரேஷன் வேணாம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன், ஆனா கையெழுத்து வாங்கறப்ப ஒருத்தர் கூட இதை வாயைத் திறந்து சொல்லல, அதுதான் இன்னும் ஆறல. ரெண்டாவது காரணம் வீட்லயே இருந்திருக்கு. "உனக்கு எப்பம்மா நின்னுச்சு?"னு கேட்டேன். "41லயே நின்னுடுச்சுடி, இதெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது"ங்கறாங்க. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா.

இதுல என் நாத்தனார் கதை வேற. அவளுக்கு ஏஎம்ஹெச் 9. மாமியார் ஏதோ பரீட்சை மார்க் மாதிரி "அவளுக்கு ஒம்போது வந்திருக்கு"னு சொன்னாங்க. அவளுக்கு பிசிஓடி, மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ், பை நிறைய இருக்கு ஆனா ஒண்ணும் ஒழுங்கா வளர்ந்து வெடிக்கல. 9 எடுத்தவளும் 0.6 எடுத்தவளும் ஒரே சோபால உக்காந்து "விசேஷம் ஏதும் உண்டா"ன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு காபி குடுத்துட்டு இருக்கோம்.

இது மண்டையில ஏறவே எனக்கு நாலு மாசம் ஆச்சு. அந்த நம்பர் சொல்றது எண்ணிக்கைய மட்டும், முட்டையோட தரத்தை இல்ல. தரம் பெரும்பாலும் வயசைப் பொறுத்தது. 2017ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 30லேர்ந்து 44 வயசுக்குள்ள, குழந்தையின்மைன்னு சிகிச்சைக்கு போகாத 750 பொண்ணுங்க, அதுல ஏஎம்ஹெச் கம்மியா இருந்தவங்களுக்கும் மத்தவங்களுக்கும் இயற்கையா தங்கறதுல பெரிய வித்தியாசமே தெரியல. படிச்சதும் குதிச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, நான் ஏற்கனவே ரெண்டு வருஷம் பாத்தவ, அந்தக் கூட்டத்துல நான் இல்ல. நம்பர் நல்லா கணிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், ஐவிஎஃப்ல (முட்டைய வெளிய எடுத்து லேப்ல கருவாக்கறது) ஊசி போட்டா எத்தனை முட்டை வரும்ங்கறத.

எனக்கு சரியாத்தான் கணிச்சுது. பீரியட்ஸ் ரெண்டாம் நாள் ஸ்கேன்ல வலது பக்கம் மூணு பை, இடது பக்கம் ஒண்ணு. பத்து நாள் வயித்துல ஊசி. எக் பிக்கப், அதாவது முட்டை எடுக்கற அன்னிக்கு மூணு முட்டை, அதுல ஒண்ணு முதிரல, மிச்சம் ரெண்டுல இக்ஸி பண்ணி (விந்தணுவ ஊசியால முட்டைக்குள்ள விடறது) ஒண்ணுதான் கருவாச்சு, மூணாம் நாள் உள்ள வச்சாங்க. பதினாலு நாள் கழிச்சு பீட்டா, அதாவது கர்ப்பம் பாக்கற ரத்த டெஸ்ட், நெகட்டிவ். அன்னிக்கு சமைக்கல, அவர் புரோட்டா வாங்கிட்டு வந்தார், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம சாப்ட்டோம்.

நடுவுல யூடியூப் பாத்து ஏஎம்ஹெச் ஏத்தற கஷாயம் ஒண்ணு ரெண்டு மாசம் குடிச்சேன், வேற லேப்ல எடுத்தா 0.8! டாக்டர் சிரிச்சுட்டு, லேபுக்கு லேப் மாசத்துக்கு மாசம் இவ்ளோ வித்தியாசம் வரும்மா, புது முட்டையெல்லாம் முளைக்காதுன்னுட்டார். அம்மா குழந்தை வரம் கேட்டுப் போற திருக்கருகாவூர் கோயில்ல இருந்து நெய் மந்திரிச்சு வாங்கிட்டு வந்தாங்க, அதையும் 48 நாள் சாப்ட்டேன். அரச மரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பாத்தவள நக்கல் பண்றவங்க யாரும் அந்த மரத்தடியில நின்னதில்லன்னு நினைக்கறேன்.

டோனர் எக், அதாவது வேற பொண்ணு குடுக்கற முட்டை பத்தி டாக்டர் அஞ்சே நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டார். 2021 சட்டப்படி குடுக்கறவங்க 23லேர்ந்து 35 வயசுக்குள்ள இருக்கணும், வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் குடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல எடுக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு ஓகே. தப்பில்லன்னு எனக்கும் தெரியுது, ஆனா என் முட்டைய வச்சு இன்னொரு தடவை பாத்துட்டுத்தான்னு சொல்லிட்டேன்.

போன வாரம் தங்கச்சி, 28 வயசு, "நானும் டெஸ்ட் எடுக்கவாக்கா?"ன்னா. எல்லாரும் ஓடிப் போய் எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அம்மாவுக்கு 41, அக்காவுக்கு இப்படி, நீ ஒரு தடவை டாக்டரப் பாத்து பேசு, முட்டைய ஃப்ரீஸ் பண்றதப் பத்தியும் கேளு, யாராவது சிஸ்ட் ஆபரேஷன்னா கையெழுத்துக்கு முன்னாடி முட்டை என்னாகும்னு கேளுன்னேன். கல்யாணமே வேணாங்கறா, அது தனி போஸ்ட்.

எனக்கு அடுத்த ஐவிஎஃப் சைக்கிள் மாசக் கடைசில. போன தடவை ஊசி டப்பா இட்லி மாவுக்குப் பின்னாடி போயி ஒரு நாள் பூரா தேடினோம், இந்தத் தடவை ஃப்ரிட்ஜ் கதவுல முட்டை அடுக்கற தட்டை காலி பண்ணி வச்சிருக்கேன்.