அரித்மியா மருந்துகள்: அட்டவணைக்கு முன்னால் ஈசிஜி

பார்மகாலஜியில் அரித்மியா (இதயத் துடிப்புக் கோளாறு) என்றதும் எல்லோரும் அதற்கான மருந்துகளை வகைப்படுத்தும் வாகன் வில்லியம்ஸ் அட்டவணையை உருப்போட உட்கார்ந்துவிடுகிறார்கள். மருந்து எதைத் தடுக்கிறது என்பதை வைத்து சோடியம், பீட்டா, பொட்டாசியம், கால்சியம் என்று நான்கு வகுப்பு. சரி, அது வேண்டியதுதான். ஆனால் அமியோடரோன் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நான்கு வகுப்பின் வேலையையும் செய்யும். அட்டவணையை மட்டும் நம்பினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

விடுமுறைக்குக் காரைக்குடி வந்தபோது, தேவகோட்டையில் ஐசியூ நர்ஸாக இருக்கும் என் அத்தாச்சி வளவில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். மருந்துப் பெயரைக் கேட்கவே மாட்டார். “பல்ஸ் இருக்கா? பிபி எவ்வளவு? க்யூஆர்எஸ் அகலமா, குறுகலா?” அவ்வளவுதான். க்யூஆர்எஸ் என்பது ஈசிஜியில் இதயத்தின் கீழறைத் துடிப்பைக் காட்டும் அலை. இந்த வரிசையில் படித்தால் மருந்து தானாக வந்து நிற்கும்.

பல்ஸ் இல்லாத விஎஃப் (கீழறைகள் தாறுமாறாக நடுங்குவது), விடி (கீழறையிலிருந்து வரும் வேகத் துடிப்பு) என்றால் முதலில் ஷாக். மூன்று ஷாக்குக்கும் அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மி.கி., தேவைப்பட்டால் மறுபடி 150. அதற்குப் பதிலாக லிக்னோகெயினும் கொடுக்கலாம். பல்ஸ் இருந்து, துடிப்பு வேகமாகி பிபி விழுந்தால் மருந்தைத் தேடாமல் சிங்க்ரனைஸ்டு ஷாக் (துடிப்போடு ஒத்துக் கொடுப்பது). பிபி நன்றாக இருந்து க்யூஆர்எஸ் அகலமாக இருந்தால், அமியோடரோன் 150 மி.கி. 10 நிமிடத்தில். குறுகலாக, சீராக இருந்தால் வேகல் மெனூவர் (மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வது போன்றவை), அப்புறம் அடினோசின் 6 மி.கி., பிறகு 12. அதன் அரை ஆயுள் 10 வினாடிக்கும் குறைவு. வேகமாகத் தள்ளி உடனே சலைன் ஃப்ளஷ் செய்யாவிட்டால் இதயத்தை எட்டுமுன் தீர்ந்துவிடும். இவையெல்லாம் பெரியவர்களுக்கான டோஸ்.

எதைக் கொடுக்கக்கூடாது என்பதைத்தான் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். டோர்சாடில் (ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டு வரும் ஒரு வகை விடி) அமியோடரோன் கூடாது, க்யூடியை இன்னும் நீட்டிவிடும். அதற்கு மெக்னீசியம் 2 கிராம். க்யூஆர்எஸ் அகலமான டாக்கிகார்டியாவில் (வேகத் துடிப்பில்) வெராபமில் கூடாது. டபிள்யூபிடபிள்யூவோடு (மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருப்பது) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாக நடுங்குவது) வந்தால் வெராபமில், டிகாக்ஸின், அடினோசின் மூன்றும் ஆபத்து.

இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் பாடம் 1989-ல் வெளியான காஸ்ட் ஆய்வு. மாரடைப்பு வந்தவர்களின் எக்டோபிக் துடிப்புகளை (இடையில் வரும் கூடுதல் துடிப்புகளை) என்கைனைட், ஃப்ளெகைனைட் கொடுத்து அடக்கினார்கள். துடிப்பு அடங்கியது, சாவு கூடியது. அரித்மியா மருந்தே அரித்மியாவைக் கிளப்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கட்டுரை விடையில் நான்கு வரியாவது எழுதுங்கள்.

அமியோடரோன் எடையில் சுமார் 37 சதவீதம் அயோடின். தைராய்டு ஏன் கெடுகிறது என்பது அதிலேயே இருக்கிறது. நுரையீரல், கல்லீரல், கண் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரிப்பாக ஏற்றும்போது 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் அல்ல. இது அத்தாச்சி சொன்னது. வைவாவிலும் அதையே கேட்டார்கள்.