காரம் கையிலேறிய கிழமை

மே 3, சனி

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் கறிமிளகாய், பச்சை மிளகாய், கொச்சி, நை மிரிஸ் நான்கும் வாங்கினேன். நை மிரிஸ் மட்டும் ஐந்தே ஐந்து. கடைக்காரர் எண்ணித்தான் போட்டார். சிங்களத்தில் நயா என்றால் நாகம், மிரிஸ் என்றால் மிளகாய். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

கொச்சி வாங்கும்போதெல்லாம் மட்டக்களப்புத் தோழியின் நினைவு வரும். அவளுக்கு எல்லா மிளகாயுமே கொச்சிக்காய்தான். எனக்கோ கொச்சி என்றால் அந்த ஊசிக் குட்டி மட்டும். "சொதிக்கு நாலு கொச்சிக்காய் கீறிப் போடு" என்று அவள் சொன்னதை நம்பி நாலு கொச்சியைக் கீறிப் போட்டேன். அன்றைய சொதியை ஒருவரும் குடிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

தேங்காய்ச் சம்பலுக்கு ஒரே ஒரு நை மிரிஸ். வெட்டியதும் எழும்பிய வாசம் இருக்கிறதே, பழம் வெட்டியதுபோல! அந்த மயக்கத்தில் உள்ளே இருந்த வெள்ளைத் தசையை நகத்தால் வழித்தேன். காரம் விதையில்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதைச் சுரப்பதே அந்த வெள்ளைப் பகுதிதானாம். கை எரிந்த பிறகு வாசித்த பாடம்.

தண்ணீரில் பிடித்தால் எரிவு அசையவில்லை. காரத்தைத் தரும் கேப்சைசின் நீரில் லேசில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பாதி குறைந்தது. இரவு மறந்துபோய்க் கண்ணைக் கசக்கியதை எழுதப் போவதில்லை.

சம்பல்? அருமை. ஆனால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை.

மே 7, புதன்

வேலை முடிந்து வர ஏழரை. கறிமிளகாயை வெங்காயத்தோடு வதக்கி, பால் விட்டு இறக்கினேன். காரமே இல்லை. இந்தக் கிழமைக்கு அதுவே போதும்.

மே 11, ஞாயிறு

நாளை பௌத்தர்களின் வெசாக் பெருநாள், இறைச்சிக் கடை பூட்டு. பருப்புக்கறிதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி நை மிரிஸை வெட்டாமல், காம்போடு முழுசாகக் கொதிக்கும் பருப்பில் போட்டு, வெடிக்க முன்னம் எடுத்துவிட்டேன். வாசம் முழுக்க இறங்கியிருக்கிறது, உறைப்பு எட்டித்தான் பார்க்கிறது. போன ஞாயிறே இவரிடம் கேட்டிருக்கலாம்.

மிஞ்சிய பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊற வைத்தேன்.

மே 13, செவ்வாய்

மோர் மிளகாய்க்குப் பகலில் வெயில், இரவில் திரும்பவும் மோர். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் முற்றத்தில் சில நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். எனக்கு வாய்த்தது ஐந்தாம் மாடிப் பல்கனி. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சுளகோடு தூக்கி வந்து மின்விசிறிக்குக் கீழே வைத்திருக்கிறேன், வீடெல்லாம் புளித்த மோர் மணம். எதிர்மாடியில் வெசாக் விளக்குக் கூட்டை அவசரமாக உள்ளே இழுக்கிறார்கள்.