புது வால்வும் சிவக்கிறதா? கப்ளிங் கண்டன்சரைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரணிலிருந்து இறக்கும் வால்வு ரேடியோக்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வரும். பத்து நிமிஷம் நன்றாகப் பாடும். பிறகு குரல் கரகரக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வின் உள்ளே இருக்கும் பிளேட் (உலோகத் தகடு) செக்கச்செவேலென்று சிவக்கும். வால்வு போய்விட்டது என்று புது ஈஎல்84 பவர் வால்வு வாங்கிப் போடுவார்கள். அதுவும் சிவக்கும்.

குற்றவாளி பெரும்பாலும் முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து ஈஎல்84-இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) வரும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டன்சர், அதாவது கப்ளிங் கண்டன்சர். மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் இது தப்பித்துவிடும். மீட்டர் கொடுக்கும் ஓரிரு வோல்ட்டில் கசிவு தெரியாது. 20 மெகாஓம் கசிவு சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் 100 வோல்ட், இந்தப் பக்கம் 470 கே (கிலோஓம்) கிரிட் ரெசிஸ்டர் என்றால் கிரிட்டில் பிளஸ் 2.3 வோல்ட் ஏறிவிடும். அதனால் வால்வில் கரண்ட் கூடி பிளேட் சிவக்கும்.

செட் சூடானபின் ஈஎல்84-இன் 2-ஆம் பின்னுக்கும் (கிரிட்) சேஸிஸுக்கும் (உலோகச் சட்டம்) இடையே டிசி வோல்ட் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். பிளஸ்ஸில் ஏறினால் ஆஃப் செய்து, ஃபில்டர் கண்டன்சரை 10 கே, 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, கப்ளிங் கண்டன்சரின் கிரிட் பக்கக் காலைக் கழற்றி மறுபடி அளக்கவும். வோல்ட் மறைந்தால் கண்டன்சர் கசிகிறது. மறையாவிட்டால் வால்வே கெட்டது. புதுசாக 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு ஓசூரிலிருந்து எட்டும் தூரம்தான்.

அதே வால்வின் கேத்தோடான 3-ஆம் பின்னில் உள்ள ரெசிஸ்டர் 135 ஓம் என்றால் அங்கே சுமார் 7 வோல்ட் வரும். 10 வோல்ட் காட்டினால் 74 மில்லிஆம்பியர்; ஈஎல்84-க்கு உச்சவரம்பே 65. இப்படியே ஓடவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி எரியும். வால்வு காசு கொடுத்தால் கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. அதனால்தான் வால்வைத் தொடுமுன் மீட்டரை வைக்கச் சொல்கிறேன்.

உர்ரென்ற இரைச்சலுக்குப் பெரிய ஃபில்டர் கண்டன்சர் போடுவதும் ஆபத்து. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஈஇசட்80-க்கு அடுத்த முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது. 220 போட்டால் ரெக்டிஃபையரே பலி. அந்த ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் 1என்4007 டையோடு வைத்தால், மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே முழு வோல்டேஜ் பாயும். 250 வோல்ட் வைண்டிங்கில் அது 350-ஐத் தாண்டும். பழைய 350 வோல்ட் கண்டன்சர் தாங்காது.

பம்புசெட் மோட்டார்கள் நின்றதும் ஊரில் லைன் வோல்டேஜ் ஏறும். செட்டின் பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் டேப்பிங் இருந்தால் அதில் வையுங்கள், வால்வுகளின் ஹீட்டர் வோல்டேஜ் 5.7-க்கும் 6.9-க்கும் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வால்வுகளின் பெயர் யூஎல்84, யூஒய்85 என்று யூவில் தொடங்கினால் இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது. அந்த செட்டில் சேஸிஸே நேரடியாக லைனில் நிற்கலாம். சோதனைக்காக லைனில் தொடராகப் போடும் சீரிஸ் பல்பு ஷாக்கைத் தடுக்காது. செட்டை லைனிலிருந்து பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பின்பக்க மூடியைக் கழற்றவே வேண்டாம்.