கடைமடை நிருபருக்கு முதலில் பெட்ரோல் காசு

டெல்டாவில் தாலுகா நிருபராக இருக்கும் பலருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கு ஏதோ ஒரு தொகை, பிடித்துக்கொடுத்த விளம்பரத்துக்குக் கமிஷன், மற்றபடி போட்டோ ஸ்டுடியோவோ ஜெராக்ஸ் கடையோ வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவர்களோடுதான் சில வருடங்களாக என் வேலை. காலநிலை பற்றி எழுத நினைக்கிறவர்களுக்குச் சின்னதாக நிதி வாங்கித் தருவது, அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து செய்தியைச் செப்பனிடுவது.

வளரும் நாடுகளின் பத்திரிகையாளர்களை ஐ.நா. காலநிலை மாநாடுகளுக்கு அழைத்துப்போகும் ஏற்பாடு 2007 பாலி மாநாட்டின்போதே தொடங்கிவிட்டது. 2004இல் உருவான, சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்கு உதவும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் என்ற அமைப்பு அதில் முக்கியமான பங்காளி. நல்ல வேலைதான். 2022இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் வளரும் நாடுகளுக்கு ஏற்படும் இழப்பு, சேதத்துக்கென்று தனி நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்களே, அந்த மாதிரி நேரத்தில் வெள்ளத்தையும் புயலையும் நேரில் பார்த்த நிருபர் ஒருவர் அந்த அரங்கில் இருப்பதும், டெல்லியிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தவர் மட்டும் இருப்பதும் ஒன்றில்லை.

ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களின் படிவங்கள் வேதாரண்யத்துக்காரரை மனதில் வைத்துத் தயாரானவை இல்லை. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், ஆசிரியரிடமிருந்து கடிதம் வேண்டும். நியமனக் கடிதமே இல்லாதவர் யாரிடம் போய்க் கேட்பார்? எங்களுக்கு வந்த ஒரு நிதியில் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்டார்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டிப்போன மீனவருக்கு ஜி.எஸ்.டி. எண் உண்டா என்று ஒரு மின்னஞ்சல். அந்த நிருபர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

காசு விஷயத்தை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம். எனக்குப் பெரிய தலைவலி வேறு. காலநிலைக்கு நிதி என்று அறிவித்தவுடனே வருகிற செய்தியெல்லாம் காலநிலை மாற்றத்தில்தான் முடியும். 2023 குறுவை நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தது, வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள், பயிர் கருகியது. அந்த ஆகஸ்ட், இந்தியாவில் 1901க்குப் பிறகு மழை மிகக் குறைந்த ஆகஸ்ட், பசிபிக் கடல் சூடாகி நம் பருவமழையைக் குறைக்கும் எல் நினோ வேறு சேர்ந்துகொண்டது. அதே சமயம் கர்நாடகம் தரவேண்டிய தண்ணீரைத் தரவில்லை என்ற வழக்கு ஒரு பக்கம், கடைமடை வாய்க்கால் ஒழுங்காகத் தூர்வாரப்படாதது இன்னொரு பக்கம். 'காலநிலை மாற்றத்தால் குறுவை கருகியது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் இதில் முக்கால்வாசி காணாமல் போய்விடும். அதிகாரிகளுக்கும் இது ரொம்ப வசதி. ஷட்டர் ஏன் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று கேட்டால் "இது குளோபல் பிராப்ளம் சார்" என்று பதில் வருகிறது.

தலைஞாயிறு பக்கம் ஒரு தம்பி, நிலத்தடி நீர் உப்பாகிப்போனதைப் பற்றி எழுதினார். முதல் வரைவில் கடல்மட்டம் உயர்ந்ததுதான் காரணம். பொய்யில்லை, 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. சொல்கிறது. ஆனால் இந்த ஊரில் உப்பு எப்போது ஏறியது, முதலில் எந்தத் தெருவில், பக்கத்தில் யாருடைய இறால் குட்டை, கடல்நீரைத் தடுக்கும் மதகு சரியாக மூடுகிறதா, எத்தனை போர்வெல் ஓடுகிறது? இதையெல்லாம் கேட்டுவரச் சொன்னேன். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அவர் வீடு வீடாகப் போய்ப் போர்வெல் தண்ணீரை அளந்து நோட்டில் குறித்துவந்தார். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள், "எங்க மாமியார் காலத்துல இந்தத் தண்ணியிலதான் பருப்பு வேகும் தம்பி" என்று ஆரம்பித்து வருடக் கணக்கோடு சொன்னார்கள்.

இறால் குட்டைக்கு வந்ததும் செய்தி நின்றுவிட்டது. நாகை மாவட்டத்துக்கு இது பழைய சண்டை, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார், 2005இல் அவற்றை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் தம்பியின் சங்கடம் சட்டமில்லை. தீபாவளி மலருக்கு அரைப்பக்கம் விளம்பரம் தருகிறவரே குட்டைக்காரர்தான். "அக்கா, இதைப் போட்டா அடுத்த வருஷம் நான் யார்கிட்ட போவேன்?" என்று கேட்டார். நிதியில் பயிற்சிக்கென்று இருந்ததை வெட்டி, அந்தக் கமிஷன் அளவுக்கு அவருக்குக் கட்டணமாகக் கொடுத்தோம். நிதி கொடுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கோ இன்றுவரை அதுதான் உருப்படியான செலவு. செய்தி மாவட்டப் பக்கத்தில் பாதியாகச் சுருங்கி வந்தது, அமைச்சர் விழாப் படத்துக்கு இடம் வேண்டியிருந்ததாம். மீதியை நண்பரின் யூடியூப் சேனலில் முழுசாகப் போட்டார்.

அறிவியல் பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தால் போதும். வெயில் அலை என்றால் புவி வெப்பமாதலின் பங்கைப் பெரும்பாலும் தெளிவாகச் சொல்ல முடியும். 2018 கஜா மாதிரி ஒரு புயலை அதுதான் கொண்டுவந்தது என்று எழுத முடியாது. கடல் சூடானால் புயல்மழை கூடும், கடல்மட்டம் ஏறினால் புயல் அலை இன்னும் உள்ளே வரும் என்று எழுதலாம். சந்தேகம் வந்தால் தமிழில் பேசக்கூடிய ஒருவர் போனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் எந்த ரகம் எத்தனை நாள் தண்ணீரில் நிற்கும் என்று சொல்லிவிடுவார்கள். அது இல்லாமல் சம்பா மூழ்கிய செய்தி எழுதி என்ன பயன்?

இந்த வருடம் படிவத்தைத் தமிழில் போட்டிருக்கிறோம், வாட்ஸ்அப் குரல்பதிவாகவும் அனுப்பலாம், ஆசிரியர் கடிதம் கேட்கவில்லை. பணம் ஐப்பசிக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். போனமுறை வடிகால் பற்றி எழுதக் கேட்டவருக்குத் தை அறுவடை முடிந்த பிறகுதான் வந்தது, அவர் காய்ந்த வடிகாலைப் படம் எடுத்து அனுப்பினார்.