மொல்க்கிக் கட்டைகள்: சவுக்கில் வெடித்தது, வேம்பில் நின்றது

அடித்தால் கட்டை விழ வேண்டும். விழுந்த இடத்திலேயே எடுத்து நிறுத்தினால் ஆடாமல் நிற்க வேண்டும். மொல்க்கி விளையாட மரத்திடம் கேட்பது இந்த இரண்டுதான். அப்படி ஒரு தொகுதிக் கட்டைகளைச் செய்ய எனக்குச் சில மாதங்கள் ஆயின. எங்கே நேரம் போனது, எது வீண், எது உருப்படி என்பதை அடுத்துச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். மொல்க்கி ஃபின்லாந்துக்காரர்களுடையது. இன்றைய வடிவத்தில் 1996-இல் அங்கே லாத்தி நகரத்தில் உருவானது. கீக்கா என்ற பழைய கரேலிய விளையாட்டு (ஃபின்லாந்து, ரஷ்யா எல்லையை ஒட்டிய கரேலியா பகுதியுடையது) இதற்கு முன்னோடி. அதில் கனத்த தடியை வீசிச் சதுரத்துக்குள் இருக்கும் சின்னக் கட்டைகளை வெளியே தள்ளுவார்கள். மொல்க்கிக்கு அவ்வளவு தோள்பலம் வேண்டாம். ஆச்சியும் பேரனும் ஒரே ஆட்டத்தில் சமமாக நிற்கலாம். எனக்கு இதன்மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

12 கட்டைகள், தலை 45 டிகிரி சரிவாக வெட்டப்பட்டு, சரிந்த முகத்தில் 1 முதல் 12 வரை எண். தனியாக ஒரு எறிகட்டை. மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கைக்கீழாக வீச வேண்டும். ஒரே கட்டை விழுந்தால் அதில் எழுதிய எண் மதிப்பெண். பல கட்டைகள் விழுந்தால் எத்தனை விழுந்தனவோ அத்தனைதான். சரியாக 50 எடுத்தவர் ஜெயித்தார். 50-ஐத் தாண்டினால் 25-க்கு இறங்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து தவறவிட்டால் வெளியே. விழுந்த கட்டைகளை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதால் ஆட்டம் போகப்போகக் கட்டைகள் பரவிக்கொண்டே போகும்.

தை, இரண்டாவது வாரம்

உருண்டையான மரம் வேண்டும், கடைசல் செலவு வேண்டாம் என்று நினைத்ததால் சவுக்கில் இறங்கினேன். சாரம் கட்டுகிற சவுக்குக் கம்பு எந்த ஊரிலும் கிடைக்கும். சுமார் 6 சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு கம்பு வாங்கிப் பட்டையை உரித்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 12 கட்டைகளையும் எறிகட்டையையும் அறுத்துவிட்டேன். அன்று இரவு மேசைமேல் அடுக்கிவைத்துப் பார்த்தபோது வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

நான்காம் நாள் காலையில் 7-ஆம் எண் கட்டையின் அடிப்பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது கட்டைகளில் அந்தக் கோடு வெடிப்பாகிவிட்டது. ஒன்றில் ஐம்பது பைசா நாணயத்தைச் செருகலாம்.

ஏன் வெடித்தது என்று புரிந்துகொள்ள மரம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். பச்சை மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவு. முழு உருண்டைக் கம்பில் வளையம் சுற்றிலும் இறுகப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் மரம் அவ்வளவு சுருங்காமல் தடுக்கிறது. வேறு வழியில்லாமல் எங்காவது ஓர் இடத்தில் பிளந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, வெட்டிய முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுகிறது. நான் கம்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி முனைகளைப் பெருக்கிவிட்டு, அவற்றை மின்விசிறிக் காற்றிலும் வைத்திருந்தேன்.

எடையும் இடித்தது. பச்சையில் ஒரு கட்டை 330 கிராம். மூன்று வாரம் கழித்தும் 280. எறிகட்டை அரைக் கிலோவுக்கு மேல். அக்கா மகன் வீசியபோது அது தரையில் பட்டு எகிறி என் கணுக்காலில் விழுந்தது. வீக்கம் வடிய ஐந்து நாள். பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளில் இது கூடாது என்று அன்றே அந்தத் தொகுதியை விறகுக்குப் போட்டேன்.

மாசி

அம்பாசமுத்திரம் செப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர். சட்டி, பானை, ஆட்டுக்கல், அடுப்பு என்று மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய குட்டிச் சாமான்கள். நான் சிறுபிள்ளையில் விளையாடியது எல்லாம் அவைதான். அந்தக் கடைசல் தெரிந்த ஓர் அண்ணாச்சியிடம் வெடித்த கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, அடியைப் பார்த்து, கட்டைவிரலால் அந்த நடுப்புள்ளியை அழுத்தினார்.

"தம்பி, இந்தக் கண்ணு உள்ள இருக்கிற வரைக்கும் வெடிக்கத்தான் செய்யும். மரத்த நாலாப் பொளந்து, கண்ண எடுத்துட்டு, ஒவ்வொரு கால்லயும் ஒரு சட்டம் எடுக்கணும். அதத்தான் கடையணும். கம்ப அப்படியே கொண்டாந்தா என்ன செய்ய?"

"என்ன மரம் கொண்டு வரட்டும் அண்ணாச்சி?"

"வீட்டுல காஞ்ச வேம்பு கெடக்கா? அது போதும். தேக்கெல்லாம் இதுக்கு எதுக்கு? அடிவாங்குற சாமான்லா."

கிடந்தது. பெரியம்மா வீட்டுப் பின்கட்டில், போன வருஷக் காற்றில் முறிந்த வேம்பின் ஒரு மீட்டர் துண்டு, 22 சென்டிமீட்டர் குறுக்களவு. ஓட்டுச் சாய்ப்பின் கீழே இரண்டு செங்கல்மேல் 14 மாதமாக நிழலில் இருந்தது. யாரும் திட்டமிட்டுக் காயவைக்கவில்லை, அடுப்புக்கென்று ஒதுக்கியது. காயும் கணக்கு என்று தச்சர்கள் சொல்வது, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம். அந்தக் கணக்கில் முழுத் துண்டு காய இன்னும் காலம் வேண்டும். ஆனால் நாலாகப் பிளந்துவிட்டால் மிச்சம் வேகமாகக் காயும்.

இரும்பு ஆப்பு இரண்டு, சம்மட்டி ஒன்று. வேம்பின் நார் பின்னிக்கொண்டு வருவதால் நேர்க்கோட்டில் பிளக்காது. முதல் ஆப்பு பாதி இறங்கியதும் இரண்டாவதைப் பக்கவாட்டில் வைத்துத் துரத்த வேண்டியிருந்தது. பிளந்தபின் உள்ளே செங்காவி நிறத்தில் வைரம், விளிம்பில் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் வண்டு விழும். ஒரு காலில் ஏற்கெனவே மாவு உதிர்ந்தது, அதை ஒதுக்கிவிட்டேன்.

மிச்ச மூன்று கால்களிலும் நடுக்கண்ணையும் வெள்ளையையும் வாச்சியால் செதுக்கி, 6 சென்டிமீட்டர் சதுரச் சட்டமாக்கினேன். முனைகளில் பழைய மெழுகுவர்த்தியை உருக்கித் தடவினேன். முனை அடைபட்டால் ஈரம் பக்கவாட்டில் மெதுவாக வெளியேறும், வெடிப்பு குறையும். ஒவ்வொரு சட்டத்திலும் சாக்பீஸால் தேதியும் எடையும் எழுதி, ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் வைத்தேன். முதல் வாரம் நன்றாக இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. பங்குனி வெயிலில் இரண்டு வாரம் தொடர்ந்து முள் அசையவில்லை. எடை நின்றுவிட்டால் மரம் நம் ஊர்க் காற்றுக்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு வேறு கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பங்குனி கடைசி

கடைசலுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு கணக்கு. கட்டையின் உயரமான பக்கம் 15 சென்டிமீட்டர். 5.5 சென்டிமீட்டர் கனத்தில் 45 டிகிரி வெட்டினால் தாழ்ந்த பக்கம் 9.5. அப்படியானால் இரண்டு கட்டைகளைத் தலையோடு தலை வைத்தால் நீளம் 24.5. ரம்பம் தின்னும் இடத்தையும் சேர்த்து 25 சென்டிமீட்டர் உருளை ஒன்றை நடுவில் ஒரே சாய்வு வெட்டு வெட்டினால் இரண்டு கட்டை! தனித்தனியாக 12 சாய்வு வெட்டுவதற்குப் பதில் ஆறே வெட்டு, மரமும் வீணாகாது. சவுக்கில் இந்த யோசனை வராமல் தலைத்துண்டுகளை எல்லாம் குப்பையில் போட்டிருந்தேன்.

ஆறு உருளைகளையும் 22.5 சென்டிமீட்டரில் எறிகட்டையையும் அண்ணாச்சி ஒரு முற்பகலில் முடித்துவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்தேன். சட்டத்தின் நாலு மூலையும் உளியில் தட்டிக்கொண்டு டக்டக்கென்று கேட்கும். மூலைகள் போகப்போகச் சத்தம் மெல்லியதாகி, உருண்டை ஆனதும் ஒரே சீறலாக மாறிவிடும். அவர் கண்ணைவிடக் காதைத்தான் நம்பினார். சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தில் உப்புத்தாளைப் பிடித்தபோது வேப்ப வாசனை கடை முழுவதும் நிறைந்தது.

சாய்வு வெட்டு என்னுடையது. உருளை மரம் ரம்பத்துக்கு அடியில் உருளும், அதுதான் சிக்கல். ரீப்பர் துண்டு இரண்டைச் சேர்த்து ஒரு வாய்க்கால்போல ஆணியடித்து, அதன் இரு கரையிலும் மூலைமட்டத்தால் 45 டிகிரி குறித்து, ரம்பம் போக இரண்டு பிளவு வைத்தேன். உருளையை வாய்க்காலில் படுக்கவைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு போட்டால் வழுக்காது. அவசரப்பட்டு அழுத்தினால் ரம்பம் நாரின் போக்கில் ஓடிவிடும். இரண்டாவது உருளையில் அப்படித்தான் வெட்டு ஓரமாகப் போய், ஒரு கட்டை 3 மில்லிமீட்டர் குட்டையானது. அது இப்போது 9-ஆம் எண்.

வெட்டிய தலையின் உச்சி விளிம்பு கத்திபோல இருக்கும். அப்படியே விட்டால் முதல் அடியிலேயே சிலாம்பு தெறிக்கும். அரத்தால் 2 மில்லிமீட்டர் மழுக்கி, பிறகு உப்புத்தாள். அடிப்பக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து அதன்மேல் கட்டையை நிறுத்தி எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தேன். நடுவில் லேசாகக் குழிவு இருந்தால் நல்லது, விளிம்பில் உட்காரும். நடு புடைத்திருந்தால் பம்பரமாக ஆடும்.

கட்டை ஒன்று 200 கிராம் சுற்றி வந்தது. எறிகட்டை 370.

எண் எழுதியது

பெயின்ட் வேண்டாம் என்று சால்டரிங் கம்பியால் சுட்டேன். இங்கேதான் எனக்கு ரொம்ப நாள் ஆசை ஒன்று நிறைவேறியது: தமிழ் எண்கள். ௧, ௨, ௩ என்று தொடங்கி, பத்துக்கு ௰, பதினொன்றுக்கு ௰௧, பன்னிரண்டுக்கு ௰௨. சரிவு முகத்தில் தமிழ் எண், பின்பக்கம் சின்னதாக வழக்கமான எண். ௭-ஐ 'எ' என்றும் ௮-ஐ 'அ' என்றும் பிள்ளைகள் முதலில் வாசித்தார்கள். மூன்று ஆட்டம் போவதற்குள் பின்பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஒரு மரக்கட்டை அதைச் செய்தது.

பிறகு பெயின்ட் கடையில் வாங்கிய லின்சீட் ஆயில், துணியில் தொட்டு இரண்டு கை. ஒன்று முக்கியம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

சித்திரை

முதல் ஆட்டம் ஆற்றங்கரை மணலில். அது சரிப்படவில்லை. தாமிரபரணி மணலில் கட்டை அடியோடு புதைந்து சாய்ந்து நிற்கிறது, விழுவதில்லை. சாய்ந்தது கணக்கிலும் சேராது. பெரியம்மா வீட்டு நெல் காயப்போடும் களத்துக்கு மாற்றினோம். இறுகிய மண், மேலே மெல்லிய தூசி. அங்கே கட்டை விழும் சத்தமே வேறு. வரிசை இப்படி: முன்னால் 1, 2, அடுத்து 3, 10, 4, அதற்குப்பின் 5, 11, 12, 6, கடைசியில் 7, 9, 8. பெரிய எண்கள் நடுவில் ஒளிந்திருக்கும், தனியாக ஒன்றை மட்டும் தட்டுவது எளிதல்ல.

பெரியம்மாவுக்கு 71 வயது. 44-இல் நின்றுகொண்டு, பரவிக் கிடந்ததில் ௬-ஐ மட்டும் தட்டி 50 எடுத்தாள். "இதுல என்னத்த இருக்கு, கோழிக்கு கல்லெறியிற மாதிரிதான்" என்றாள்.

இடையில் செய்த மற்றவை சுருக்கமாக. பையை வீசி ஓட்டைக்குள் போடும், அமெரிக்கர்கள் விளையாடும் கார்ன்ஹோல் பலகை ஒன்று, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில்: 4 அடிக்கு 2 அடி, 6 அங்குல ஓட்டை, அதன் நடு மேல்விளிம்பிலிருந்து 9 அங்குலம். அவர்கள் மக்காச்சோளம் நிரப்பும் பைக்கு நான் புளியங்கொட்டை நிரப்பினேன், ஒன்று 450 கிராம். கொட்டை வழவழப்பாக இருப்பதால் பை பலகையில் அழகாகப் படிந்து சறுக்குகிறது. பனியில் விட்ட ஒரு பையில் மட்டும் பூசணம். வறுத்து நிரப்பியிருக்க வேண்டும், அடுத்த முறை செய்வேன். கொய்யாக் கிளையில் செல்லாங்குச்சி (கிட்டிப்புள்) ஒரு ஜோடி, அரைமணி நேர வேலை.

இப்போது

ஆனிச் சாரல் தொடங்கிவிட்டது. காற்றில் ஈரம் ஏறியதால் கட்டைகளை மறுபடி எடை போட்டேன். 4, 5 கிராம் கூடியிருக்கிறது, வெடிப்பு எதிலும் இல்லை. ௧௨ என்று ஒரு கட்டையில் தவறாகச் சுட்டிருந்ததை அரத்தால் எடுத்து ௰௨ ஆக்கினேன். எறிகட்டையின் முனை இரண்டும் தட்டையாகி நார் விரியத் தொடங்கியிருக்கிறது. வாங்குகிற அடியெல்லாம் அதற்குத்தானே. அதற்கு மட்டும் வேம்பைவிட இறுகிய மரம், ஆனால் சவுக்கு அளவுக்குக் கனமில்லாதது வேண்டும். அண்ணாச்சி பூவரசு பார்க்கச் சொல்கிறார். வாய்க்கால் கரையில் வெட்டிய பூவரசங்கட்டை ஒன்றை நாலாகப் பிளந்து, முனையில் மெழுகு தடவி, அதே செங்கல்மேல் வைத்திருக்கிறேன். சாக்பீஸில் எழுதியது: ஆனி 9, 2 கிலோ 140 கிராம்.